பொதுநல வழக்கறிஞர் ஆகலாமா? தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு ஒரு விளக்கம்

சட்டம் படிக்கப் போகிறேன் என்று வரும் பிள்ளைகளிடம் "படித்துவிட்டு என்ன செய்வாய்?" என்று கேட்டால், சிலராவது "ஏழைகளுக்காக வாதாடுவேன்" என்கிறார்கள். கேட்க நிறைவாக இருக்கிறது. தருமபுரியில் 2017-ல் அரசு சட்டக் கல்லூரி தொடங்கிய பிறகு, வெளியூரில் தங்கிப் படிக்க வசதியில்லாத வீடுகளுக்கும் இந்தப் படிப்பு எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது. பென்னாகரத்திலும் ஊத்தங்கரையிலும் தேன்கனிக்கோட்டையிலும் இப்படி ஓர் எண்ணத்தோடு இருக்கும் மாணவர்களுக்காகவும், அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்த வேலை உண்மையில் என்ன? இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா? இது எனக்கு ஒத்துவருமா? மூன்றாவது கேள்விக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய தீர்ப்பு வாங்கும் ஆசை எல்லோருக்கும்தான் இருக்கும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்தத் தீர்ப்புக்கு முன்னால் கிடக்கும் பத்து, இருபது ஆண்டு வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்பதை வைத்து முடிவெடுங்கள்.

மனுவுக்கு அப்பால்

பொதுநலச் சட்டப் பணி என்றதும் உயர் நீதிமன்றத்தில் போடும் பொதுநல மனுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

வழக்கமான முறையில், யாருக்குப் பாதிப்போ அவர்தான் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். உங்கள் நிலத்தை ஒருவர் ஆக்கிரமித்தால் நீங்கள் வழக்குப் போடலாம். உங்கள்மேல் பரிதாபப்பட்டுப் பக்கத்து ஊர்க்காரர் போட முடியாது. ஆனால் பாதிக்கப்பட்டவர் சிறைக்குள் இருந்தால்? முன்பணம் வாங்கிக் கல் குவாரியில் மாட்டிக்கொண்டு வெளியே வரவே முடியாமல் இருந்தால்? அவர் எந்த வக்கீலைத் தேடிப் போவார்? 1970-களின் இறுதியில் உச்ச நீதிமன்றம் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டது. பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றிய பத்திரிகைச் செய்தியைக் கையில் எடுத்து, கபிலா ஹிங்கோரானி என்ற வழக்கறிஞர் நீதிமன்றம் போனார். அதுதான் 1979-ன் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. தங்கள் மேல் உள்ள குற்றச்சாட்டுக்குக் கிடைக்கக்கூடிய தண்டனைக் காலத்தையும் தாண்டி உள்ளே கிடந்தவர்கள் அதனால் வெளியே வந்தார்கள். நீதிபதிகள் பி.என். பகவதியும் வி.ஆர். கிருஷ்ணய்யரும் இந்த வழியை அகலப்படுத்தினார்கள். நீதிமன்றத்துக்கு வர இயலாதவர்களுக்காக நல்லெண்ணத்தோடு வேறொருவர் வரலாம் என்பதை 1981-ன் எஸ்.பி. குப்தா வழக்குத் தீர்ப்பு தெளிவாக்கியது.

அடுத்து வந்த இரண்டு தீர்ப்புகள் நம் மாவட்டங்களுக்கு மிக நெருக்கமானவை. 1982-ல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புக்குச் சமம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டு டிசம்பரில், ஃபரிதாபாத் கல் குவாரித் தொழிலாளர்களைப் பற்றி பந்துவா முக்தி மோர்ச்சா அமைப்பு எழுதிய ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்று, கொத்தடிமை முறையை அடையாளம் காண்பதும் ஒழிப்பதும் அரசின் கடமை என்றது. கிருஷ்ணகிரி கிரானைட் குவாரிகளைப் பார்த்து வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும், ஊரைக் காலி செய்துகொண்டு செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்களைப் பார்த்த எவருக்கும், இவை டெல்லிச் சமாசாரமாகத் தோன்றாது.

1996-ல் பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று தொடர்ந்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை வெள்ளை நுரையாகப் பொங்குவதைப் பார்க்கும்போது அந்தத் தீர்ப்பின் தேவை புரியும்.

இவையெல்லாம் பெயர் பெற்ற வழக்குகள். ஆனால் பொதுநலச் சட்டப் பணியில் பொதுநல மனு ஒரு சிறு பங்குதான். பணமும் செல்வாக்கும் இல்லாததால் சட்டம் எட்டாமல் போனவர்களுக்குச் சட்டத்தை எட்டவைக்கும் எல்லா வேலையும் இதில் அடங்கும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில் புகார்தாரருக்குத் துணை நிற்பது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்ட வழக்கில் குழந்தையின் பக்கம் உட்காருவது, வன உரிமைச் சட்டப்படி மனு எழுதிக் கொடுப்பது, ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் சிறையில் இருப்பவருக்காக நீதிமன்றத்தில் பேசுவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு கேள்வி அனுப்புவது எல்லாமே இந்தப் பணிதான். வறுமை காரணமாக யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 39அ பிரிவு சொல்கிறது. அதை நடைமுறைப்படுத்த 1987-ல் இயற்றிய சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடப்பில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் போன்றோர் வருமானம் பார்க்காமலேயே இலவச வக்கீல் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான அலுவலகம் இருக்கிறது. இது தெரியாமலே வட்டிக்கு வாங்கி வக்கீல் கட்டணம் கட்டுகிற பெண்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வாச்சாத்தி கற்றுத்தரும் கணக்கு

தருமபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தத் தொழிலைப் பற்றி யோசிப்பவர் வாச்சாத்தியைத் தாண்டிப் போக முடியாது. சித்தேரி மலையடிவாரத்தில், பழங்குடியினர் வாழும் சிற்றூர். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டைப் பதுக்கலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்த 269 பேர் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். ஊர் சூறையாடப்பட்டது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றது அன்றைய அரசுத் தரப்பு.

மலைவாழ் மக்கள் சங்கத்தினர் ஊருக்குள் போய் உண்மையை வெளியே கொண்டுவந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஆ. நல்லசிவன் நீதிமன்றத்தை நாடினார். 1995-ல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று முடிவானது. மேல்முறையீடு உயர் நீதிமன்றம் போனது. நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மேல் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார்.

இந்தத் தேதிகளை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1992-ல் 23 வயதில் வக்கீலாகப் பதிவு செய்த ஒருவர் அன்றே இந்த வழக்கில் இறங்கியிருந்தால், உயர் நீதிமன்றத் தீர்ப்பைக் கேட்கும்போது அவருக்கு 54 வயது. அந்த 31 ஆண்டுகளில் தீர்ப்பு நாட்கள் இரண்டுதான். மற்ற நாட்களில் என்ன வேலை இருக்கும்? இப்படிப்பட்ட வழக்கில் சாட்சிகளைக் கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாய்தா தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவரிடம் ஏன் தள்ளிப்போனது என்று விளக்க வேண்டும். நடந்த கொடுமையை மறுபடி மறுபடி சொல்ல வேண்டிய பெண்ணைக் குறுக்கு விசாரணைக்குத் தயார்படுத்த வேண்டும். பணம் தருகிறோம், வழக்கை விட்டுவிடு என்று வரும் தூதுகளைச் சமாளிக்க வேண்டும். நீதிபதி மாறினால் முதலிலிருந்து விளக்க வேண்டும். என்னைக் கேட்டால், வாச்சாத்தி வழக்கின் பெரிய வெற்றி அந்தப் பெண்கள் கடைசி வரை பின்வாங்காமல் நின்றதுதான். அவர்களோடு நிற்க ஆட்கள் இருந்தார்கள். பொதுநல வழக்கறிஞர் என்பவர் அந்த ஆட்களில் ஒருவர், கதாநாயகர் அல்லர்.

மஞ்சப்பைக்குள் என்ன இருக்கிறது

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு காட்சி. மலையிலிருந்து இறங்கி வரும் ஒருவர் வக்கீல் அலுவலகத்தில் தன் மஞ்சப்பையை மேசைமேல் கவிழ்க்கிறார் என்று வையுங்கள். ரேஷன் கார்டு, லாமினேட் செய்த ஆதார், ஓரம் கிழிந்த வீட்டு வரி ரசீது, யாரோ எழுதிக்கொடுத்த ஆட்சியர் மனுவின் மங்கிய நகல், கடைசியாக நான்காக மடித்த ஒரு தாள். அந்தத் தாளைக் காட்டி, "போலீஸில் கேஸ் போட்டுவிட்டோம் ஐயா" என்பார். பிரித்துப் பார்த்தால் அது சி.எஸ்.ஆர். ரசீது. புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான ஒப்புகை, அவ்வளவுதான். முதல் தகவல் அறிக்கை அது கிடையாது. வழக்கே பதிவாகவில்லை. மாதக்கணக்கில் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வழக்கு நடக்கிறது என்று நம்பியிருப்பார்.

பிடியாணை இல்லாமலேயே கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருப்பது புகாரிலேயே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013-ன் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின்படி, காவல் நிலையம் மறுத்தால் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அவரும் அசையாவிட்டால் பிரமாணப் பத்திரத்தோடு நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். கேட்கச் சுலபம். ஆனால் கண்காணிப்பாளருக்கு அனுப்பிய பதிவுத் தபாலின் ரசீது தொலைந்துபோனால், அனுப்பினோம் என்பதை நிரூபிக்கவே தலைகீழாக நிற்க வேண்டும். அந்தச் சின்ன ரசீதை நகலெடுத்து, மூலத்தைக் கோப்பில் தைத்து, நகலைக் கட்சிக்காரர் (வழக்கை நம்மிடம் ஒப்படைத்தவர்) பையில் போட்டு அனுப்புகிற வேலைக்கு யாரும் மாலை போட மாட்டார்கள். வழக்கு பிழைப்பதும் சாவதும் அதில்தான்.

கொத்தடிமை மீட்பும் இப்படித்தான். லாரியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவதோடு மீட்பு முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். 1976-ன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே ரத்து செய்கிறது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பையும் கடன் கொடுத்தவர் தலையில் வைக்கிறது. சட்டம் தொழிலாளி பக்கம்தான் இருக்கிறது. ஆனால் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் விசாரித்து விடுவிப்புச் சான்றிதழ் கொடுத்தால்தான் மறுவாழ்வு உதவிக்கு வழி பிறக்கும். "இவர்களாகவே வேலைக்கு வந்தார்கள், சம்பளத் தகராறுதான்" என்று ஒரு வரி எழுதி விசாரணையை முடிக்க விடாமல், முன்பணம் எவ்வளவு, வாரக் கூலியில் எவ்வளவு பிடித்தார்கள், திருவிழாவுக்கு ஊருக்குப் போக விட்டார்களா, போனபோது குடும்பத்தில் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்களா என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி வாக்குமூலத்தில் ஏற வைப்பவர் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் ஓர் இளம் வக்கீல்தான்.

யார் பக்கம் நிற்கிறோம்?

கல்லூரியில் படிக்கும்போது நியாயம் ஒரு பக்கமும் அநியாயம் ஒரு பக்கமும் பிரிந்து நிற்பதுபோல் தெரியும். நம் இரு மாவட்டங்களில் அடிக்கடி எதிர்ப்படும் ஒரு நிலையைச் சொல்கிறேன். பதினாறு வயதுப் பெண்ணுக்குத் திருமணம் நடந்துவிட்டது. கர்ப்பமாகி அரசு மருத்துவமனைக்கு வருகிறாள். வயது தெரிந்ததும் காவல்துறைக்குத் தகவல் போகிறது. போக வேண்டும் என்பதே போக்சோ சட்டம். கணவன் கைதாகிறான். கைக்குழந்தையோடு அந்தப் பெண் உங்கள் முன்னால் வந்து நின்று, "அவரை வெளியே எடுத்துக் கொடுங்கள் அக்கா" என்கிறாள்.

குழந்தைத் திருமணத்தை ஒழிக்க வேண்டும் என்பதற்காகத்தான் நீங்கள் இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள். 18 வயதுக்குக் கீழே மனைவியே ஆனாலும் அவளோடு உடலுறவு குற்றம்தான் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுபக்கம், அந்த வீட்டில் சம்பாதிக்கும் ஒரே ஆள் உள்ளே இருக்கிறான். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அந்தப் பெண்ணுக்கு இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது: 20 வயது நிறைவதற்குள் நீதிமன்றம் போய் அந்தத் திருமணத்தையே செல்லாததாக்கலாம். அதை அவளிடம் சொல்வீர்களா? மாமியார் பக்கத்தில் நிற்கும்போதா, தனியாகக் கூப்பிட்டா? அவள் வேண்டாம் என்றால்?

இதற்குப் பாடப்புத்தகப் பதில் கிடையாது. என் கருத்து இதுதான்: உங்கள் கொள்கைக்காக அந்தப் பெண்ணின் வாழ்க்கையைப் பணயம் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை, அவள் அழுகிறாள் என்பதற்காகச் சட்டம் தரும் வழிகளை அவளிடம் மறைக்கவும் உரிமை இல்லை. எல்லா வழியையும் அவளுக்குப் புரியும் மொழியில், அவள் பயப்படாத இடத்தில் சொல்லிவிட்டு, முடிவை அவளிடம் விட வேண்டும். கணவனுக்கு வாதாடும் வக்கீலும் அவளுக்காகப் பேசும் வக்கீலும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். இப்படி இரண்டு பக்கமும் வலிக்கிற வழக்குகளைத் தாங்கிக்கொள்ள முடியுமா என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

வெளியே வராத இன்னொரு நெருக்கடி உள்ளூர்க்காரராக இருப்பது. சென்னையிலிருந்து வரும் வக்கீல் மாலையில் ரயிலேறிவிடுவார். நீங்கள் அதே பஸ் நிலையத்தில் அதே கடையில் டீ குடிக்க வேண்டும். வன்கொடுமை வழக்கில் நீங்கள் எதிர்த்து நிற்கிறவர் உங்கள் சாதிக்காரராக இருப்பார், சித்தப்பாவின் சம்பந்தியாகக்கூட இருப்பார். "நம் பிள்ளையே நமக்கு எதிராக நிற்கலாமா?" என்ற கேள்வி வீட்டுத் திண்ணைக்கே வரும். பெண்ணாக இருந்தால், இரவில் காவல் நிலையத்துக்குப் போவதைப் பற்றியும் பேச்சு வரும். இதைப் பெற்றோரிடம் படிக்கச் சேருமுன்பே பேசிவிடுவது நல்லது. பின்னால் பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

அரசு சட்டக் கல்லூரியில் பிளஸ் டூவுக்குப் பின் ஐந்தாண்டுப் படிப்பு, பட்டம் முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பு. தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. வக்கீலாகப் பதிவு செய்ய வழக்கறிஞர் சட்டப்படி பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதற்கு மேல், வக்கீல்களைப் பதிவு செய்து நெறிப்படுத்தும் மாநில பார் கவுன்சில்கள் வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதல் தலைமுறை வக்கீல்களுக்கு இது பெரிய ஆறுதல். பிறகு அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும்.

கஷ்டம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. முதல் மூன்று, நான்கு ஆண்டு ஜூனியராக இருக்கும்போது வருமானம் மிகச் சொற்பம். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாகத் தர வேண்டும் என்று வழிகாட்டியது. உத்தரவு இருப்பதும் பணம் கைக்கு வருவதும் வேறு வேறு. மாவட்ட நீதிமன்றங்களில் அந்தத் தொகையைத் தரக்கூடிய சீனியர்கள் குறைவு. ஒரு சீனியரிடம் சேருமுன் எவ்வளவு தருவீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சேவை மனப்பான்மை உள்ளவர்கள் பணத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்ற எண்ணம்தான் ஏழை வீட்டுப் பிள்ளைகளை இந்தத் துறையிலிருந்து முதலில் வெளியேற்றுகிறது. வசதி உள்ளவர்கள் மட்டுமே ஏழைகளுக்கு வாதாட முடியும் என்ற நிலை வரக் கூடாது.

நடைமுறையில் பலர் செய்வது இதுதான்: வாகன விபத்து, பாகப்பிரிவினை, காசோலை வழக்குகளை எடுத்துக் குடும்பத்தை நடத்துகிறார்கள், அந்த வருமானத்தின் தெம்பில் கட்டணம் தர முடியாதவர்களின் வழக்குகளையும் நடத்துகிறார்கள். இதில் குறைவாக எண்ண எதுவும் இல்லை. சிவில் வழக்கில் கற்ற ஆவணப் பயிற்சி பழங்குடியினரின் நில வழக்கில் அப்படியே கைகொடுக்கும். ஆனால் கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை சதவீதம் எனக்கு என்று பேசுவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். வாழ்க்கையில் முதல்முறையாக லட்ச ரூபாயைப் பார்க்கும் ஒரு விதவையிடம் அப்படிக் கேட்பவரை நான் மன்னிக்க மாட்டேன்.

சம்பளத்தோடு இந்த வேலையைச் செய்யவும் வழிகள் உண்டு. 2022-ல் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் கொண்டுவந்த திட்டத்தின்படி, வசதியில்லாத குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாட முழுநேர சட்ட உதவி வழக்கறிஞர்களை மாவட்ட அளவில் மாத மதிப்பூதியத்தில் நியமிக்கிறார்கள். புதியவர்களுக்கு உதவி நிலைப் பணிகளும் அதில் உண்டு. தொண்டு நிறுவனங்களிலும் வேலை இருக்கிறது. ஆனால் முழுநேரச் சம்பள ஊழியராகச் சேர்ந்தால் வழக்காடும் உரிமையை நிறுத்திவைக்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அரசு உதவி வழக்கு நடத்துநர் தேர்வு எழுதுவதும் பொதுநலப் பணிதான் என்பது என் எண்ணம். ஒரு நல்ல அரசு வழக்கறிஞர் எத்தனை பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறுதல் தர முடியும்! நீதிபதித் தேர்வு எழுத நினைப்பவர்கள், மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் விதித்திருப்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

யாருக்கு ஒத்துவரும்?

பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்களைத்தான் "வக்கீலுக்குப் படி" என்கிறார்கள். இந்தப் பணிக்குப் பேசத் தெரிவதைவிடக் கேட்கத் தெரிவது முக்கியம். சொல்ல வந்ததை நேராகச் சொல்லத் தெரியாதவர்தான் உங்கள் கட்சிக்காரர். அரை மணி நேரம் வேறு எதையோ பேசிவிட்டு, எழுந்து போகும்போது வாசலில் நின்று உண்மையைச் சொல்வார். அதுவரை பொறுமையாக உட்கார முடிகிறவருக்கு இந்த வேலை வரும்.

மொழி இன்னொரு பலம். மாவட்ட நீதிமன்றங்களில் தமிழில் வாதாடலாம். உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம் வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்கள் இதற்குப் பயந்து ஒதுங்க வேண்டாம். தினம் ஒரு தீர்ப்பு படித்தால் சட்ட ஆங்கிலம் கைக்கு வந்துவிடும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றின் தமிழாக்கமும் இணையத்தில் இருக்கிறது, பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம். அதைவிட, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் பேசும் தெலுங்கும் கன்னடமும் இந்தத் தொழிலில் பெரிய சொத்து. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரில் சித்தேரி மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். செம்மரம் வெட்டப் போனதாக ஆந்திரச் சிறைகளில் அடைபட்ட மலைக் கிராமத்தவர்களுக்கு, தங்கள் மேல் என்ன வழக்கு என்பதையே தமிழில் சொல்ல ஆள் தேவைப்பட்டது. இரண்டு மொழியும் தெரிந்த ஒரு வக்கீல் அந்த இடத்தில் எவ்வளவு பெரிய துணை!

யாருக்கு ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயர் செய்தித்தாளில் வர வேண்டும் என்பதற்காக மனுப் போட நினைப்பவர்களுக்கு ஒத்துவராது. அப்படிப்பட்ட மனுக்கள் பெருகியதால்தான், 2010-ல் பல்வந்த் சிங் சௌஃபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பொதுநல மனுக்களுக்கு வடிகட்டும் விதிகளை வகுத்தது. உள்நோக்கத்தோடு போடும் மனுக்களுக்கு அபராதமும் விதிக்கச் சொன்னது. ஒரு வீண் மனு தள்ளுபடியானால், அதே பிரச்சினையோடு நாளை வரும் உண்மையான மனுவுக்கும் கதவு பாதி சாத்திக்கொள்கிறது. கோபம் மட்டுமே மூலதனமாக வருகிறவர்களும் சீக்கிரம் களைத்துப்போவார்கள். கோபம் வேண்டும்தான், ஆனால் ஐந்தாவது ஆண்டில், இருபதாவது வாய்தாவில், கோபத்தை நம்பி எழுந்து போக முடியாது.

சேருமுன் பார்க்க வேண்டியது

இது ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ளப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. நீதிமன்றங்கள் பொதுவாக எல்லோருக்கும் திறந்தவை. விடுமுறையில் ஒரு வாரம் அரூரிலோ ஊத்தங்கரையிலோ ஓசூரிலோ உங்களுக்கு அருகில் உள்ள நீதிமன்றத்தில் காலை பத்தரை மணிக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். செல்போனை அணைத்துவிடுங்கள். வாதங்களைவிட, பெயர் கூப்பிடும்போது யார் எழுந்து வருகிறார்கள், வக்கீல் அவர்களிடம் என்ன சொல்லி அனுப்புகிறார், சொன்னது புரிந்ததா இல்லையா என்று கவனியுங்கள். வெளியே மரத்தடியில் காத்திருப்பவர்களைப் பாருங்கள். மூன்றாவது நாள் சலித்துப்போய், நாலாவது நாள் யாராவது ஒருவருடைய வழக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளவே மறுபடி போகத் தோன்றினால், அது நல்ல அறிகுறி.

அடுத்து மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைய அலுவலகத்துக்குப் போய், சட்டத் தன்னார்வலர் பணிக்கு எப்போது ஆள் எடுப்பார்கள் என்று விசாரியுங்கள். மாணவர்கள், ஆசிரியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று பலரும் இதில் சேரலாம்; பயிற்சி கொடுத்து, பணி செய்யும் நாட்களுக்கு ஒரு சிறு மதிப்பூதியமும் தருவார்கள். கிராமத்துக்குப் போய் இலவசச் சட்ட உதவி இருக்கிறது என்று சொல்வது, மனு எழுத உதவுவது, முகாம்களுக்கு ஆட்களை அழைத்துவருவது போன்ற வேலைகள். ஓர் ஆண்டு இதைச் செய்துபார்த்த பிறகு, வக்கீலாவதைவிட இதுவே போதும் என்று சிலருக்குத் தோன்றும். அதுவும் சரியான முடிவுதான். மலைக் கிராமத்தில் ஆசிரியராக இருந்துகொண்டே, யாருக்கு எந்த மனுவை எங்கே கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டுகிறவர்களின் தேவை வக்கீல்களின் தேவைக்குக் குறைந்ததில்லை.

வக்கீலாவது என்றே முடிவெடுத்தால், படிக்கும் காலத்திலேயே ஒரு வேலையை ஆரம்பித்துவிடுங்கள். உங்கள் தெருவில், உங்கள் சொந்தத்தில், சட்ட உதவி இலவசம் என்று தெரியாதவர்களுக்கு 15100 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண்ணைச் சொல்லுங்கள். யாராவது சி.எஸ்.ஆர். ரசீதைக் காட்டினால் அது வழக்காகப் பதிவானதா என்று கேட்டுவரச் சொல்லுங்கள். இதற்குப் பட்டமும் வேண்டாம், கறுப்புக் கோட்டும் வேண்டாம்.